மஸ்கெலியாவோடு நின்ற காட்சி

அண்ணே,

இன்று காலை பிள்ளைக்காம்பரா வராந்தாவைப் பினைல் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகுமுன் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போகும் அதே வராந்தாதான். வாசல் தூணுக்குப் பக்கத்தில், சிமெந்துத் தரையில், நீங்கள் பெருக்கல் குறி மாதிரி ஒட்டிவைத்த கறுப்பு டேப் இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகள் அதன்மேல் தவழ்ந்து, நகத்தால் சுரண்டியும் பார்த்துவிட்டார்கள், உரிந்து வரவில்லை. உங்கள் ஊர்ச் சாமான் உங்களைப் போலவே பிடிவாதம் என்று சிரித்தேன். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று உங்கள் மகள் போனில் செய்தி அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. ஆனாலும் அழுகையை மீறி நிற்பது பெருமைதான். நோர்வேயில் பெரிய கேமராக்காரர், அரசாங்கம் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தவர், அவருக்கு நான் தங்கச்சி என்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கென்ன.

தேயிலையைப் பற்றிப் படம் எடுக்க உங்கள் நாட்டு டைரக்டரோடு எங்கள் மஸ்கெலியாத் தோட்டத்துக்கு வந்தீர்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்து கற்ற இங்கிலீஷ் என்னிடம் இருந்ததால், உங்களுக்கும் எங்கள் சனத்துக்கும் நடுவில் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். முதல் நாள் எல்லோரும் உங்களைத் "தொர" என்றார்கள். வெள்ளைத்தோலைப் பார்த்தால் எங்கள் வாயில் அதுதான் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். தோட்டத்துக்குப் பெரியவர், அதிகாரம் பண்ணுகிறவர் என்றேன். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க அப்பா மீன் பிடிச்சவரு. வேற ஏதாவது சொல்லிக் கூப்பிடச் சொல்லு" என்றீர்கள். அன்றிலிருந்து தோட்டத்துக்கே நீங்கள் அண்ணன், மூத்தவர்களுக்குத் தம்பி.

மழை வேலையை நிறுத்திய நேரமெல்லாம் இந்தப் படியில் உட்கார்ந்து, தேத்தண்ணியும் தேங்காய் ரொட்டியுமாக உங்கள் கதையைச் சொன்னீர்கள். வடக்கே ஒரு தீவு. பனி கொட்டுகிற மாரியில் வாரக்கணக்கில் சூரியன் எழும்பாது. அப்பாவின் வள்ளத்தில் வலை இழுத்த கை, பட்டணத்துக்குப் போய் படக் கம்பனியில் பிலிம் பெட்டி தூக்கியது. வருசக்கணக்காக மற்றவர்களின் கேமராவைச் சுமந்துவிட்டுத்தான் உங்கள் கண்ணை அதில் வைக்க விட்டார்களாம். பிறகு பனியில் எடுத்தீர்கள், கடலில் எடுத்தீர்கள், அலை அடிக்கிற வள்ளத்தில் உங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு எடுத்தீர்கள். "இருட்டுல வளந்தவன், அதான் வெளிச்சத்துக்குப் பேயா அலையறேன்" என்றீர்கள். எனக்கு வேறு சந்தேகம் வந்தது. "அண்ணே, சூரியனே வராத ஊருல உடுத்த துணிய எப்புடி காயப் போடுவீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பதில் மட்டும் சொல்லவில்லை.

முதல் படப்பிடிப்பு நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான். படம் எடுக்க வருகிறார்கள் என்று எங்கள் வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் செய்தி போனது. விடிந்ததும் பார்த்தால் எங்கள் பெண்களெல்லாம் கூறைப்புடவை, கவரிங் நகை, முகத்தில் அப்பின பவுடர், தலை நிறையப் பூ. ஒருத்திகூட இடுப்பில் படங்கு கட்டவில்லை. மழைக்கும் செடிக்கும் கட்டுகிற அந்தக் கறுப்பு ரெட்டுத்துணியைக் கட்டிக்கொண்டு யாராவது படத்துக்கு நிற்பார்களா? டைரக்டர் தலையில் கை வைத்துவிட்டார். போய் வேலைத்துணி மாற்றிவரச் சொல் என்று என்மேல் பாய்ந்தார். நீங்கள் வராந்தாவில் டேப்பை ஒட்டி, "ஒவ்வொருத்தரா வந்து இதுல நிக்கட்டும்" என்றீர்கள்.

அவர்கள் அதை போட்டோ என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்கள். நீங்களும் கேமராவை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் கலங்கும், வாய் கோணும், "இன்னும் புடிக்கலையா தம்பி?" என்று ஒருத்தி கேட்பாள், பின்னால் நிற்கிறவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள், நிற்கிறவளும் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் நீங்கள் காத்திருந்தீர்கள். படத்தின் தொடக்கமே அதுவாகிப் போனது.

ஆனால் கொழுந்தெடுப்பதைப் படம் பிடிக்க மலைக்கு வரச் சொன்னபோது பெண்கள் முரண்டு பிடித்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. எத்தனை பேர் வந்து எங்கள் ஒழுகுகிற கூரையையும் வெறுங்காலையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன எடுத்தான், எங்கே காட்டினான் என்று எங்களுக்குத் தெரியாது. "எடுத்துக்கிட்டுப் போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்று தெய்வானை அக்கா கேட்டார்கள். புருசனுக்குக் கருமாதி முடிந்து அப்போதுதான் வேலைக்கு இறங்கியிருந்தார்கள். அதை உங்களிடம் அப்படியே சொன்னேன். படத்தை முடிக்குமுன் இங்கே கொண்டுவந்து காட்டுவேன், பிடிக்காத முகம் எதுவும் வெளியே போகாது என்றீர்கள். நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, "நான் பொறுப்பு" என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை நீங்கள் சொல்லச் சொல்லவில்லை. வாய் என்னுடையது.

அதற்குப்பிறகு மலைக்கு வந்தார்கள். முதல் கொழுந்தில் கை வைக்கும்போது "பொலி, பொலி" என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு அது என்ன என்றீர்கள். விளைச்சல் பெருகட்டும் என்று சொல்வது என்றேன். மறுநாளிலிருந்து கேமரா ஓடத் தொடங்கும்போதெல்லாம் "பொலி" என்றீர்கள். பிற்பாடு உங்கள் நாட்டுப் பனியில் படம் எடுத்தபோதும் அதைத்தான் சொன்னீர்களாம். அங்கே ஒருவருக்கும் அர்த்தம் தெரியாதாம், ஆனாலும் எல்லோரும் சொன்னார்களாம். உங்கள் மகள் இதை எழுதியிருந்ததைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினேன்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுக்க முடிந்தது. கண்ட இடத்திலெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். "என்னடி, ஒன் அண்ணன் கப்பல்ல வர்றாரா, நடந்து வர்றாரா?" நான் வெளியே முறைத்தேன், உள்ளே பயந்தேன். தோட்டத்தில் ஒருத்தியின் வாக்கு போய்விட்டால் அப்புறம் அவளிடம் பிள்ளையைக்கூட நம்பி விடமாட்டார்கள்.

வந்தீர்கள். டைரக்டரையும் இழுத்துக்கொண்டு, புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அன்று மாரியம்மன் கோயில் மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் பெண்கள் தங்கள் படங்கால் மூடிப் பட்டப்பகலை இருட்டாக்கினார்கள். பட்டுப்புடவைச் சிரிப்பு திரையில் வந்ததும் மண்டபமே அதிர்ந்தது. என் தலை கூரையில் முட்டாத குறைதான்.

கொஞ்ச நேரத்தில் திரையில் தெய்வானை அக்கா வந்தார்கள். மழை பெய்கிறது. மலையில் தனியாக ஒரு செடி வரிசையில் நிற்கிறார்கள். மழைத்தண்ணியோடு கண்ணீரும் இறங்குகிறது, துடைக்கவில்லை. நீங்கள் தூரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், ஆனால் முகம் மூச்சுக்காற்று படுகிற மாதிரி கிட்ட இருந்தது. அதைப்போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை அண்ணே.

படம் முடிந்ததும் அக்கா உங்களிடம் வந்தார்கள். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அத எடுத்துருங்க. நான் அழுவலன்னுதான் கொழும்புல இருக்கிற மககிட்ட சொல்லியிருக்கேன். அவ பாக்கக் கூடாது." நான் இங்கிலீஷில் சொல்லி முடிக்குமுன் டைரக்டர் குதித்தார். இந்தப் படமே அந்த ஒரு காட்சிதான், அதை வெட்டினால் பரிசுமில்லை ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் அவரிடம், "அப்ப என் பேரையும் சேத்து எடுத்துடு" என்றீர்கள். இரண்டு பேரும் கோயில் வாசலில் நின்று வெகுநேரம் சண்டை பிடித்தீர்கள், உங்கள் பாசையில். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, யார் ஜெயிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

காட்சி போனது. டைரக்டர் சொன்னபடி பரிசும் வரவில்லை. கொஞ்ச காலம் யாரும் உங்களைக் கூப்பிடவில்லை என்று பிற்பாடுதான் அறிந்தேன். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலை முழுக்க நரைத்தபிறகு வேறு படத்துக்கு நாட்டின் பெரிய பரிசு வந்தது. அந்த மேடையில் நிற்கிற போட்டோவை அனுப்பினீர்கள், கோட்டுக்கு மேலே நான் கொடுத்த மப்ளரோடு. கோமாளி மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது.

உங்கள் மகளின் செய்தியில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் எடுத்ததிலேயே எது நல்ல காட்சி என்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் கேட்டாளாம். "மஸ்கெலியாவுல எடுத்தது. நான் அழிச்சுட்டேன்" என்றீர்களாம். அதில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, "அது என் சொத்தில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களாம். நீங்களாவது சொல்வீர்களா ஆன்ட்டி என்று என்னைக் கேட்டிருந்தாள்.

அது என் சொத்தும் இல்லையே. தெய்வானை அக்காவின் லயத்துக்குப் போனேன். இப்போது முதுகு வளைந்துவிட்டது, கண் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் போன செய்தியைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு உங்கள் மகள் கேட்டதைச் சொன்னேன். "பெத்த மககிட்டயும் சொல்லாமயா போனாரு?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

"என் மக பாக்கக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன். அவரு மக கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே. சொல்லு" என்றார்கள்.

எழுந்து வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

"இந்தா, அழுதேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துறாத. கீழ என் கையையும் எடுத்திருந்தாரு. அழுவுறேன், கை பாட்டுக்குக் கொழுந்து எடுக்குது, நிக்கவே இல்ல. அதையும் சொல்லு அந்தப் புள்ளைகிட்ட."

உங்கள் மகளுக்குப் போனில் பேசி அனுப்பினேன் அண்ணே. முகத்தையும் சொன்னேன், கையையும் சொன்னேன்.