ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு

ஜூன் 3, செவ்வாய்

காலேஜை விட்டு இன்னியோட நாப்பது நாள். அக்கா வீட்டு ஹால் சோபாவுல படுத்துப் படுத்து இடுப்பே போச்சு.

வீட்டுக்குப் பின்னாடி ஒரு டிரெய்லர் நிக்குது. கார்ல மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. அக்கா வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. ரெண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். மழை பெஞ்சா உள்ளேயே குளிச்சுக்கலாம்.

அதை எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்.

அம்மா: "படிப்பைப் பாதியில விட்டா. நீச்சலைப் பாதியில விட்டா. மகாராணிக்கு இப்ப தனி வீடு வேற!"

மாமாதான் நடுவுல புகுந்தார். "கூரையைச் சரி பண்ணட்டும் அத்தை. ஒரு மழை தாங்கட்டும். சொட்டு கூட விழலன்னா வண்டி அவளுக்கு. விழுந்தா வண்டி பழைய இரும்புக்கு, அவ காலேஜுக்கு."

அம்மா உடனே சரின்னுட்டாங்க. என் மேல அவ்ளோ நம்பிக்கை!

ஜூன் 4

ஏறிப் பார்த்தேன். கூரையில ரெண்டு வென்ட். சதுரமா பிளாஸ்டிக் மூடி. உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுத்தினா மூடி தூக்கும், காத்து போகும். தண்ணி புகாம சட்டத்தைச் சுத்திப் பூசின பசை, சீலன்ட், பாளம் பாளமா வெடிச்சிருக்கு. ஒரு விரிசல்ல புல் முளைச்சிருக்கு. சத்தியமா. புல்லு!

ஜூன் 5

ஹார்டுவேர் கடைக்காரர் சொல்றார்: "பழசை முழுசா சுரண்டி எடும்மா. அது மேலயே பூசினா உரிஞ்சு வந்துடும்."

"எவ்ளோ நேரம் ஆகும் அண்ணே?"

"அது உன் பொறுமையைப் பொறுத்தது."

அப்ப அவ்ளோதான்.

ஜூன் 7

சுரண்டறேன்.

ஜூன் 8

இன்னும் சுரண்டறேன். முட்டி ரெண்டும் தேஞ்சாச்சு. கீழருந்து அக்கா: "என்னடி, மேலயே குடித்தனமா?"

"ஆமா. கொஞ்சம் தண்ணி குடு."

குடுத்தா. தோட்டத்து ட்யூபால, நேரா மூஞ்சில.

ஜூன் 10

துடைச்சு, காய விட்டு, சட்டத்தைச் சுத்திப் புது சீலன்ட். ஸ்க்ரூ தலை ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொட்டு. பார்க்கவே அழகா இருந்துச்சு – நானா பண்ணேன்?

அம்மா வாசல்ல நின்னு கத்தினாங்க: "ஒரு ஓட்டை விடாம அடைச்சியா? இல்ல இதுவும் பாதியா?"

வந்துச்சு பாரு ரோஷம்! ட்யூப்ல மிச்சம் இருந்ததை மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருந்த இடுக்குலயும் பிதுக்கிவிட்டேன். ரெண்டு வென்ட்டுக்கும். இனிமே எறும்பு கூட நுழையாது.

ஜூன் 12

தலகாணியோட குடி போயாச்சு. இனி மழை வர வேண்டியதுதான் பாக்கி.

ஜூன் 14, சனி

காலைல மூக்கு மேல ஒரு சொட்டு. வெளிய ஓடிப் பார்த்தா வெயில் பல்லை இளிக்குது. மழையே இல்ல! உள்ள வந்தா கன்னத்துல இன்னொரு சொட்டு.

எங்கருந்துடா வர்ற? யாருடா நீ?

அம்மா எட்டிப் பார்த்தாங்க. "தலகாணி ஏன் ஈரம்? அழுதியா?"

"வேர்வைம்மா."

போச்சு. எல்லாம் போச்சு. மழை இல்லாமலே ஒழுகுதுன்னா மழை வந்தா? திங்கக்கிழமையே காலேஜ்ல சேர்த்துடுவாங்க. அந்தப் பிசிக்ஸ் லேப் வாடை இப்பவே அடிக்குது.

ஜூன் 15

போன்ல படம் எடுத்துட்டுக் கடைக்கு ஓடினேன்.

"உள்ள சமைக்கறியாம்மா?"

"டீ மட்டும்."

"தூங்கறப்ப வென்ட் திறந்திருக்குமா?"

"அதை அடைச்சுட்டேனே."

"எதை?"

"ஓட்டையை."

"எந்த ஓட்டையை?"

"...எல்லாத்தையும்."

அவர் சிரிச்ச சிரிப்புல ஆணி டப்பா ஒண்ணு கவுந்துடுச்சு. "தாயே, வென்ட்டே ஒரு ஓட்டைதான்! அதைச் சுத்தி அடைக்கணும். அதையே அடைச்சா எப்படி? மேல சொட்டினது உன் மூச்சும் டீ ஆவியும்மா."

ரெண்டு நாளா என் மூச்சு என் மேலயே ஒழுகியிருக்கு.

ஜூன் 16

வியாழக்கிழமை மழையாம். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு இப்படியே விட்டுடலாமா? யாருக்குத் தெரியப் போகுது?

எனக்குத் தெரியும். ச்சே.

ஜூன் 17

மூடியைச் சுத்திப் பிதுக்கினதை அறுத்து எடுத்தேன். ஒரு மூலைல சட்டத்து சீலன்ட்டும் கூடவே பிஞ்சு வந்துடுச்சு. கூரை மேலயே உக்காந்து, எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை மொத்தத்தையும் சொன்னேன். அப்புறம் அந்த மூலையை மறுபடி சுரண்டி, துடைச்சு, பூசினேன்.

உள்ள வந்து கைப்பிடியைச் சுத்தினேன். 'டொக்'குனு மூடி தூக்குச்சு. சதுரமா வானம்!

ஜூன் 19, வியாழன்

மதியம் மூணு மணிக்குப் பிடிச்சுது மழை. சும்மா இல்ல, கொட்டோ கொட்டுன்னு. ஓடிப்போய் ரெண்டு மூடியையும் இறக்கினேன்.

அம்மா டார்ச்சும் துண்டுமா வந்து உக்காந்தாங்க, பறக்கும் படை மாதிரி. கூடவே அக்கா. மாமா வாசப்படில. எல்லாரும் கூரையையே பார்த்துட்டிருக்கோம். ஒரு மணி நேரம். அம்மா நாலு மூலையையும் விரலால தடவிப் பார்த்தாங்க. விரலை முகத்துக்கிட்ட கொண்டுபோய் உத்து உத்துப் பார்த்தாங்க.

காஞ்சு கிடந்துச்சு.

துண்டை மடிச்சு ஓரமா வெச்சாங்க. "சும்மா கொஞ்சம் முதுகை நீட்டறேன்"னு படுத்தாங்க. அஞ்சு நிமிஷத்துல குறட்டை. அக்கா இன்னொரு படுக்கைல.

மழை விட்டதும் அம்மா கண்ணைத் திறக்காமலே: "ஏய், புழுங்குதுடி. மேல அந்த ஓட்டையைத் திற."

திறந்தேன்.

ரெண்டு பேரும் இன்னும் எழுந்திரிக்கல. இதை ஹால் சோபாவுல படுத்துதான் எழுதறேன்.