அசையாத கூட்டுப்புழுக்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் இன்று என்னைப் புழு வளர்க்கும் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போனதும், இலை கடிக்கும் சத்தம் அங்கே இல்லாததைத்தான் முதலில் கவனித்தேன். நீயும் தம்பியும் நலமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று போனில், "வாயே திறக்க மாட்டேங்கிற, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாய். போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று ஒரு கூத்து நடந்தது. அந்த அறையில் தட்டு நிறையக் கூட்டுப்புழுக்கள் அசையாமல் கிடந்தன. செத்துவிட்டன என்று நினைத்துக் குப்பைக் கூடையில் கொட்டினேன். ஒன்று உடைந்து வெள்ளைக் கூழாக வழிந்தது. உள்ளே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. அங்கே ஆராய்ச்சி செய்கிற அக்கா பார்த்துவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அது சாகலடி. புழுவா இருந்தப்போ தின்னு சேத்த புரதம் எல்லாம் உள்ள இருக்கு. பழைய உடம்பைக் கரைச்சு, அதுலதான் இறக்கை கட்டுது. நீ பாதி கட்டின வீட்டை இடிச்சுட்ட" என்றார். பிறகு, "மத்ததைத் தொந்தரவு பண்ணாம விடு, தானா வெளிய வரும்" என்றார்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை வராதே. என் பழைய தலையணை உறையை மட்டும் அனுப்பு. துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும்.

மணி அடித்துவிட்டது.

உன் மகள்

சொல்ல மறந்தேன். கூடையில் கிடந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன்.