வேம்பின் கிழக்குக் கொப்பு

அன்பு மகள் சிபானாவுக்கு, வாப்பா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. டோஹாவில் நீயும் மருமகன் றிஸ்கானும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போன் இருக்க வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தைக் கோபத்தில் எறிந்தாலும் திரும்ப எடுத்து வாசிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் கருவாட்டுப் பார்சலோடு இதையும் றிஸ்கானின் மச்சானிடம் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். உன் வீட்டு வளவில் நிற்கிற வேம்பின் கிழக்குக் கொப்பை ஆகஸ்ட் மாதமே வெட்டிவிட்டேன். உன் வீட்டுக்கும் மூத்தவள், உன் ராத்தா றாஹிலா வீட்டுக்கும் நடுவே மதில் கட்டிய நாளிலிருந்து அது அவள் கூரைக்கு மேல்தான் கிடந்தது, இலை விழுந்து கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி அடைத்து மாரியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, காற்றடித்தால் அவளுடைய சின்னவன் படுக்கிற அறை ஓட்டில் கொப்பு உரசும். அதைச் சொல்லத்தான் றாஹிலா உனக்குப் போன் எடுத்தாள். நீ, "அந்தக் கொப்புல கை வச்சா நான் ஊருக்கே வரமாட்டன்" என்றாய், அவள், "மரம் பெரிசா, என்ட புள்ள பெரிசா" என்றாள், அதோடு இரண்டு பேரும் கதைப்பதில்லை. ஒரே வளவைப் பிரித்து இரண்டு பேருக்கும் சீதனமாக எழுதியபோது இந்த மரத்தைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை, அது என் பிழை.

மரம் வெட்டுகிற பளீல் வந்தார். கீழ்ப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். நீ அஸர் தொழுகைக்குப் பிறகு போன் எடுப்பாயே, வாள் சத்தம் கேட்டுவிடுமே என்ற பயத்தில் நான்தான், "சுறுக்கா அறுங்க தம்பி" என்று அவசரப்படுத்தினேன். பாதி அறுக்கும்போதே கொப்பு தன் பாரத்தில் முறிந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. கயிறு கட்டியிருந்ததால் ஓடு தப்பியது. சத்தம் கேட்டு ஓடிவந்த றாஹிலா, "நுனியத்தானே வாப்பா வெட்டச் சொன்னன், இதயா வெட்டினீங்க" என்று மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பளீல் கிழிந்த விளிம்பைக் கத்தியால் சீராக்கி, ஒன்றும் பூச வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீ வீடியோவில் மரத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் மேற்குப் பக்கமாக நின்று காட்டினேன். உம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவாள்.

ஆனால் தினமும் சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மரத்தடி ஈரமாயிருக்கும். யாரென்று பார்த்தால் றாஹிலா, அரிசி கழுவின தண்ணீரோடு வந்து நிற்கிறாள். மழை தொடங்கியதும் வெட்டுக்குக் கீழே செந்தளிர் கொத்தாக வந்தது. பளீல் சொன்னபடி இரண்டை விட்டுவிட்டு மற்றதை அவளே நுள்ளிவிட்டாள். இப்போது காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை சுண்டுவிரல் தடிப்பில் உருண்டு வருகிறது, முழுதும் மூட இன்னும் சில வருசம் செல்லும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

மகள், அந்தக் கொப்பு உனக்கு ஏன் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். சுனாமி அன்று அதில் ஏறி இருந்துதான் நீ தப்பினாய். உனக்கு ஆறு வயது. நானும் உம்மாவும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் நின்றோம். நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனாலும் றாஹிலா உன்னை விடவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை, ஒரு கையால் கொப்பையும் மறு கையால் உன்னையும் பிடித்தபடி இருந்தாள். உன் சட்டையிலிருந்து அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். உனக்குக் கொப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது. அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

என்னை ஏசு, இரண்டு நாள் கதைக்காமலும் இரு, ஆனால் பெருநாளைக்கு வந்துவிடு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். கருவாட்டை ஒருமுறை வெயிலில் போட்டு எடு. இதை வாசித்து முடித்ததும் முதல் போனை எனக்கு எடுக்காதே, ராத்தாவுக்கு எடு.

இப்படிக்கு,
உன் வாப்பா காலிதீன்,
கல்முனை.