நான் கொடுத்தனுப்பிய மாத்திரை

அன்பு மகள் நிஷாவுக்கு,

ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் இடது காலைத் தவிர அங்கே எல்லாம் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசலாம், ஆறு வாரம் ஓடக்கூடாது என்று புனே டாக்டர் சொன்னாராம், உன் தம்பி கோபி சொன்னான். அப்படியும் வருகிற ஞாயிறு மாரத்தான் ஓடப்போகிறாயாம். "மாத்திரை போட்டா வலியே தெரியலைடா" என்றாயாம். "இன்னா மாத்திரைன்னு பாக்கிறியா, நீ குடுத்தனுப்புனதுதான்" என்றான். தலைவலி வந்தால் ஆகட்டும் என்று போன தடவை நான் உன் பையில் வைத்த அதே வலி மாத்திரை.

ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம் தைத்தேன். கை வலிக்கிறது என்று போனால் நர்ஸ் ஒரு மாத்திரையை நீட்டி "போட்டுக்கினு மிஷின்ல உக்காரு" என்பார். ஏன் வலிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூட ஒன்று வாங்கி முந்தானையில் முடிந்து வருவோம், வீட்டில் யாருக்கு எது வந்தாலும் அதுதான் மருந்து. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தன்று உன் குதிகால் வீங்கியிருந்தது, அதில் பாதியைக் கொடுத்தேன். நீ ஜெயித்தாய், நான் கம்பெனியில் எங்கள் மிஷின் லைன் முழுக்க லட்டு கொடுத்தேன். அன்றைக்கே தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

இருந்தாலும் அந்த நாட்கள் கண்ணிலேயே நிற்கின்றன. ஏழு மணி கம்பெனி பஸ்ஸுக்கு நான் ஓடுவேன், நீ என் சாப்பாட்டுப் பையோடு முந்தி ஓடி, படியில் நின்று "எங்கம்மா வர்றாங்க, நிறுத்துண்ணா" என்று கத்துவாய். "உன் பொண்ணுக்குத்தாண்டி பஸ்ஸே நிக்குது" என்பாள் பக்கத்து மிஷின் சைரா. கை வீங்கிய நாட்களில் என் வேலையையும் அவளே தைப்பாள், சூப்பர்வைசர் திரும்பினால் நான் மிதியை மட்டும் அழுத்திச் சத்தம் காட்டுவேன். எனக்கு மணிக்கு இத்தனை ஜோடி என்று கம்பெனி டார்கெட் வைத்தது, கை ஓய்ந்தால் வேலை போகும். உனக்கு யாரடி வைத்தது, கையில் கட்டிய வாட்சா? உன் காலுக்கு முதலாளி யாரும் இருக்கக்கூடாது என்றுதானே நான் தைத்தேன். இன்றைக்கு என்னால் ஒரு குடம் தூக்க முடியவில்லை.

ஓடவே வேண்டாம் என்று சொல்லவில்லை, எலும்பு கூடட்டும். ஆண்டவர் உன்னைக் காப்பார், ஆனால் உட்கார வேண்டியது நீதான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, அவர்கள் ஓடத் தொடங்கும் நேரத்தில், வீடியோவில் கூப்பிடுவேன். படுக்கையில் இருந்தபடி எடு. தூக்கத்தைக் கெடுத்தேன் என்று திட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஸ்டெல்லா