மூன்றடியில் துடிக்கும் கை

ஜூன் 3, புதன்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். கோல்ஃப் கிளப்பில் ஸ்டெல்லாவோடு ஒன்பது குழி. சாம்பல் சட்டை இனி வேண்டாம், வியர்வையைக் காட்டிக்கொடுக்கிறது.

தூர அடிகள் பிரமாதம். குழி இருக்கும் கிரீனில் நீளமாக உருட்டுவதும் குறையில்லை, பந்து குழி வாசலுக்கே போய் நிற்கிறது. மிச்சமிருக்கும் அந்த மூன்றடிதான் என் பாவம். பட்டரை, பந்து உருட்டும் அந்தத் தடியை, பின்னால் எடுக்கும்வரை சரி. பந்தைத் தொடும் கணத்தில் வலது கை ஒரு வெட்டு வெட்டும், பல்லி வால் துடிப்பதுபோல. பந்து குழியைத் தாண்டிப் போய் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

இவ்வளவு நாளும் மறைத்தாயிற்று. குழிக்குக் கிட்டக் கிடக்கும் பந்தை விழுந்ததாகவே வைத்து, "எடு" என்று விட்டுக்கொடுப்பது எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தின் பெருந்தன்மை. அதில் நான் நன்றாகக் குளிர்காய்ந்தேன். யாரும் வாய் திறக்குமுன்பே குனிந்து பந்தை எடுத்துவிடுவேன்.

இன்று ஸ்டெல்லா விடவில்லை. துறைமுக அலுவலகத்தில் முப்பது பேரை மேய்த்து ஓய்வுபெற்றவள். கட்டளை தானாக வரும்.

"மாசக் கடைசிப் போட்டியில உனக்கு ஆர் எடு எண்டு சொல்லுவினம்? போடு, ராஜி."

போட்டேன். தவறியது. அடுத்ததும். மூன்றாவது தவறியபோது அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கிளவுஸ் ஈரம் என்றேன். குழிக்குள் உருட்டும்போது நான் கிளவுஸ் போடுவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

வாங்க: பால்மா, கறிவேப்பிலை, இவருக்கு ஷேவிங் பிளேட்.

ஜூன் 4, வியாழன்

மழை. காலி வீதி முழுக்க வாகனம், ஹோர்ன்.

இங்காவது எழுதிவிடுகிறேன். பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு நடுக்க நோய் இந்த வயதில்தான் தொடங்கியது, அதே வலது கையில். முதலில் சட்டைப் பொத்தான். பிறகு கையெழுத்து. பிறகு எல்லாம். நான் பல் வைத்தியர். நடுங்கும் கையோடு யாருடைய வாய்க்குள்ளும் போக முடியாது. கை போனால் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் டிஸ்பென்சரியும் போகும். பிறகு நான் யார்?

சோதனைகள்: ஊசியில் நூல் கோத்தது, சரி. கையெழுத்து சரி. காலைத் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துப் பார்த்தது, சரி. ஆனால் இவர் ஊற்றித் தருவது கொஞ்ச நாளாக அரைக் கோப்பைதான், அதை வைத்து என்னத்தைச் சோதிப்பது? ஏன் குறைவு என்று கேட்டால் உமக்கு அசிடிட்டி என்கிறார். இல்லாத அசிடிட்டி. கோப்பையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, குசினியிலிருந்து பல்கனிக்கு நடந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இவர் பேப்பருக்குள்.

அப்படியென்றால் மூன்றடியில் மட்டும் ஏன்?

பின்னேரம் டிஸ்பென்சரி. ஜிந்துப்பிட்டிக் கோயிலடியில் பூக்கட்டும் சரோஜா, மேல் கடைவாய்ப் பல் பிடுங்க வந்திருந்தாள். அடுத்த கிழமை பார்ப்போம் என்று மறுபடியும் மருந்து எழுதிக் கொடுத்தேன். "நீங்க சொன்னா சரி டொக்டரம்மா. ஆனா சோறு திங்க முடியல." அவள் போன பிறகும் வெட்கம் போகவில்லை.

ஜூன் 6, சனி

இவர் கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்கப் புதுக்கடைக்கு. சனிக்கிழமையும் வழக்குத்தான்.

வீட்டு ஹோலில் விரிப்பைப் போட்டு, தம்ளரைச் சரித்து வைத்துப் பயிற்சி. இணையத்தில் ஆளுக்கொரு உபதேசம். தலையை ஆட்டாதே. மூச்சை விடு. இடக்கையைக் கீழே பிடி. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்து பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

எங்கள் பிளட்டின் தரைக்குக் கடல் பக்கமாக ஒரு சரிவு இருப்பது இன்றுதான் தெரிந்தது. தவறிய பந்தெல்லாம் பல்கனிக் கதவடியில். கீழே ரயில் போனால் அவை தாமாகவே இன்னும் கொஞ்சம் உருள்கின்றன.

லிஃப்டில் கீழ்மாடி மிஸிஸ் செல்வநாதன். மேலே மாபிள் உருளும் சத்தம் கேட்கிறதே, பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். ஓம் என்று சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகளை ஒருநாள் கீழே கூட்டிவரட்டாம்.

ஜூன் 9, செவ்வாய்

களுபோவிலவில் நரம்பு டொக்டரிடம் நேரம் எடுத்துச் சனல் பண்ணிப் போனேன். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் குறுக்கு விசாரணை தொடங்கும்.

ஃபோனில் நம்பர் எடுக்கும்போதே அங்கே வேலை செய்யும் மிஸ் விவரம் கேட்டாள், சொன்னேன். திரும்ப அழைத்து, டொக்டர் அந்தத் தடியையும் கொண்டுவரச் சொல்கிறார் என்றாள். பட்டரைத் தலையணை உறைக்குள் சுற்றிக்கொண்டு போனேன். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் ஊன்றுகோல் என்று நினைத்து எழும்பி இடம் தந்தார். அவருக்கு எண்பது இருக்கும். என்ன செய்வது, கதிரையில் இருந்தேன்.

டொக்டர் இளம் ஆள், சிங்களவர், கதை முழுக்க ஆங்கிலத்தில். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கவிட்டார், சுருள் வரையச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அப்பாவின் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு பட்டரை எடுக்கச் சொன்னார். பந்து இல்லாமல் வெறுமனே வீசினேன். துடிப்பில்லை. இன்னொருமுறை, இல்லை. அதன்பின் தன் மேசையிலிருந்த உருண்டைக் கடதாசிப் பாரத்தைத் தரையில் வைத்து, இதுதான் பந்து, மூன்றடியில் குழி, தவறினால் தோல்வி என்றார்.

கை வெட்டியது. கடதாசிப் பாரம் கதவில் போய் மோதியது. மிஸ் எட்டிப் பார்த்தாள்.

டொக்டர் சிரித்தார். அப்பாவின் நோய்க்கான அறிகுறி எதையும் தான் காணவில்லையாம். அந்த நோய் பந்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வராதாம். இது அந்த ஒரு வேலைக்கு மட்டும் வருகிற துடிப்பு, வயலின்காரருக்கும் எழுதுகிறவர்களுக்கும்கூட வரும். வேறு ஏதாவது மாறினால் வரட்டாம், இல்லாவிட்டால் ஒரு வருஷம் கழித்து.

வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் நின்று அழுதேன். நல்ல அழுகை. தலையணை உறை கைகொடுத்தது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "மொகத மிஸ்?" என்று சிங்களத்தில் பதறினார். ஒன்றுமில்லை, நல்ல செய்தி என்றேன். அப்படியென்றால் சரி என்று ரேடியோவைக் கூட்டிவிட்டார்.

ஜூன் 10, புதன்

பேய் மழை. கிளப் பூட்டு.

டிஸ்பென்சரி. சரோஜாவை நானே ஃபோன் பண்ணிக் கூப்பிட்டேன். பல் வந்தது, வேரோடு, முழுசாக. கை கல்லுப்போல. போகும்போது ஒரு முழம் மல்லிகை தந்தாள், வாயில் பஞ்சு, பேச்சில்லை.

கருவிகளைக் கழுவும்போதுதான் உறைத்தது. மேல் கடைவாயில் வேலை செய்யும்போது நான் கையைப் பார்ப்பதே இல்லை. கண் சின்னக் கண்ணாடிக்குள்ளே, பல்லில். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்கும். கை தன்பாட்டில் வேலை செய்யும். மூன்றடியில் மட்டும் கையையே உற்றுப் பார்க்கிறேன், இன்றைக்கும் துடிக்குமோ என்று. நான் அங்கே பந்து போடவில்லை. அப்பாவின் நோயைத் தேடிக்கொண்டிருந்தேன். நீளமாக உருட்டும்போது அதைத் தேட நேரமில்லை, அதனால்தான் அது ஒழுங்காகப் போகிறது.

மடச்சி.

ஜூன் 14, ஞாயிறு

மேகம், மழை இல்லை. ஆள் வருமுன் பயிற்சிக் கிரீன், தனியாக.

செய்தது: பந்தைப் பார்ப்பதில்லை. குழியின் பின் விளிம்பில் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு அதையே பார்ப்பது, கண்ணாடிக்குள் பல்லைப் பார்ப்பதுபோல. இடக்கை கீழே, வலக்கை மேலே. ஊன்ற ஒன்றும் இல்லாததால் இடது ஆட்காட்டி விரலைத் தண்டோடு நீட்டி ஊன்றினேன். மெதுவாகத் தடவாமல் குழியின் பின்சுவரில் படும்படி தள்ளுவது.

முதல் பந்து எங்கோ போனது. அடுத்ததும். பிறகு டொக் என்று ஒரு சத்தம். குழிக்குள் பந்து விழும் சத்தம் இவ்வளவு இனிமை என்பதே மறந்திருந்தது. வெயில் ஏறும்வரை அந்தச் சத்தத்துக்காகவே நின்றேன். இடைக்கிடை துடித்தது. துடித்தாலும் பயமில்லை, அதுதான் புதுசு.

மத்தியானம் கணவாய்க் கறி. இரண்டு பேருக்கும் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

ஜூன் 17, புதன்

காற்று. கிளப். ஸ்டெல்லாவிடம் முதல் குழியிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். அன்றைக்கு என் கையைப் பார்த்துவிட்டுக் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாளாம். சொல்லவேயில்லை, கள்ளி.

கிட்டப் போட்டவை பெரும்பாலும் விழுந்தன. ஒன்று தவறியது. கை துடிக்கவில்லை, சரிவைப் பிழையாகக் கணித்துவிட்டேன். சாதாரண மனிதர் விடும் சாதாரணப் பிழை! சந்தோஷத்தில் சிரித்தேன், ஸ்டெல்லா ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கடைசிக் குழி. சரியாக அந்த மூன்றடி. மனமிரங்கிவிட்டாள் போல.

"சரி சரி, எடு."

"வேண்டாம். போடுறன்."

டொக்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். கை, அப்பா, களுபோவில, கடதாசிப் பாரம் எல்லாம். குறுக்கு விசாரணை வரவில்லை. இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"நீர் ஒவ்வொரு நாளும் விடியக் கோப்பையைத் தூக்கிக் கையைப் பாக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். மாமாவை நானும் பாத்தனான்தானே. நீர் தேத்தண்ணி சிந்தினா உமக்குத் தாங்காதெண்டுதான் அரைவாசி ஊத்தினனான்."

அவர் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தேன்.

ஜூன் 18, வியாழன்

வெளிச்சமான காலை. கடல் அமைதி.

தேத்தண்ணீர் வந்தது. முழுக் கோப்பை, கிட்டத்தட்ட விளிம்பு வரை. தந்துவிட்டுப் பேப்பரை எடுக்காமல் நின்றார். வாங்கிக்கொண்டு, கையைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி பல்கனிக்கு நடந்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

திரும்பிப் பார்த்தால் குசினியிலிருந்து ஹோல் வரைக்கும் தரையெல்லாம் தேத்தண்ணீர். கோப்பையையே உற்றுப் பார்த்தபடி கொண்டுவந்ததில் இவர் சிந்தியது.