குதிக்கத் தெரியாதவள்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு ஜோடி லென்ஸ். ஒன்று விளிம்பில் தெறித்துவிட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். சொல்லாமல் பார்ப்பதுதான் அவர் வழக்கம். முன்னறையில் அவர் கண் பரிசோதிப்பார், பின்னறையில் நான் லென்ஸை வெட்டித் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். ஒன்பதிலிருந்து இரண்டு வரை. அதற்குப் பிறகு மீதிப் பகல் முழுக்க என்னுடையது.

கேம் ஜாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைப்பு தருவார்கள். பத்து நாளில் அதை வைத்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பிறகு பத்து நாள், கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடிப் பார்த்துக் கருத்தெழுதி மதிப்பெண் போடுவார்கள்.

போன வருஷம் இரண்டு முறை பெயர் கொடுத்து இரண்டு முறையும் பாதியில் விட்டவள் நான். முதல் தடவை காய்ச்சல். இரண்டாவது தடவையும் காய்ச்சல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

தலைப்பு: எடை.

லென்ஸ் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். வீடு மாறுகிற ஒரு பெண். புது வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் இல்லை, படிக்கட்டு இடிந்து கிடக்கிறது, சாமான்களோடு தாவித் தாவித்தான் ஏற வேண்டும். கையில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து அவள் குதிப்பு மாறும். தலையணை இருந்தால் விழுந்த இடத்தில் பந்து மாதிரி எம்புவாள். நிலைக்கண்ணாடி இருந்தால் உயரத்திலிருந்து இறங்கக் கூடாது, உடைந்துவிடும். இரும்புப் பெட்டி இருந்தால் அரை அடிக்கு மேல் எழும்ப முடியாது, ஆனால் காலடியில் இருக்கிற பலகையை உடைக்கலாம். எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது, அதுதான் ஆட்டம்.

பெயர் ‘நாலாவது மாடி’. இதுவரை சரி.

மார்ச் 8, ஞாயிறு

கணினியில் கட்டம் கட்டமாக அந்தப் பெண்ணை வரைய உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். பின்னால் வந்து நின்ற அண்ணி கேட்டாள்: “இது என்னது, துடைப்பமா?”

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. சாப்பிட்டாச்சா, தண்ணி வருதா, கதவைப் பூட்டியாச்சா — மூன்றே கேள்விகளில் இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறோம். அவள் பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். விடியற்காலை போய் மதியம் ஒரு மணிக்கு வந்துவிடுவாள். சாப்பாட்டு மேசையில் நான் கணினியை விரித்திருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

“பொண்ணு அண்ணி,” என்றேன். கொஞ்சம் ரோஷமாகத்தான்.

“பொண்ணா!” என்றவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். “எத்தனை கட்டம் இருக்கு இதுல?”

“பதினாறுக்குப் பதினாறு.”

“அவ்வளவு எடமா? கப் கேக்குல நான் மூக்கும் முழியுமா முகமே வரைவேன்.”

கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி புள்ளியாக அடைத்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கொண்டை சற்றுச் சாய்ந்திருக்கிறது, இடுப்பில் ஒரு கை, முகத்தில் ‘எல்லாத்தையும் நானே தூக்கணுமா’ என்கிற சலிப்பு. பதினாறு கட்டத்துக்குள் சலிப்பை எப்படி அடைத்தாள்?

மார்ச் 11, புதன்

அண்ணி வரைகிறாள், நான் குதிக்க வைக்கிறேன். நிலைக்கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகம் தெரிய வேண்டுமாம். “அவ போற வழியில தன்னைப் பார்த்துக்கணும் இல்ல?” என்கிறாள். எனக்கு அரைநாள் வேலை. செய்தேன்.

மார்ச் 14, சனி

இரண்டாம் மாடியில் இரும்புப் பெட்டி சுவருக்குள் புதைந்துகொள்கிறது. கூடவே அந்தப் பெண்ணும். காரணம் தெரியவில்லை. காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது.

வரவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 16, திங்கள்

ஏற்றிவிட்டேன்! ஆறு மணிக் கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே. பெட்டி சுவரில் புதைவதும் நேற்று ராத்திரியே சரியாகிவிட்டது. மொத்தம் எண்பத்து நான்கு கேம்கள், அதில் ஒன்று என்னுடையது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைத் தொடங்கி முடித்திருக்கிறேன். அண்ணி பேக்கரியிலிருந்து உடைந்துபோன கேக் ஒன்று கொண்டுவந்திருந்தாள். ஸ்பூன்கூட எடுக்காமல் மேசை பக்கத்திலேயே நின்று தின்றோம்.

மார்ச் 17, செவ்வாய்

ஏழு கருத்துகள். ஏழிலும் படம், படம், படம். ‘அந்தக் கொண்டைக்காரி முகம் அட்டகாசம்.’ ‘வரைந்தவர் கைக்கு முத்தம்.’ ‘கண்ணாடியில் அவள் தெரிந்தபோது சிலிர்த்துவிட்டது.’

அதற்கடுத்த வரிகளில் நான்: ‘குதிப்பு சரியில்லை.’ ‘முதல் மாடியோடு விட்டுவிட்டேன்.’ கூழாங்கல் என்ற பெயரில் ஒருவர் ஒரு பக்கமே எழுதியிருக்கிறார்: ‘இவ்வளவு அழகான பெண்ணுக்குக் குதிக்கத் தெரியவில்லை. கம்பளிப் போர்வைக்குள் நின்று குதிப்பது போல இருக்கிறது. விளிம்பில் நான் சரியாகத்தான் அழுத்துகிறேன், அவள் பேசாமல் விழுகிறாள். பதினான்கு முறை விழுந்தேன், அதில் பதினொன்று என் தப்பில்லை.’

எண்ணியிருக்கிறார்!

மார்ச் 18, புதன்

பதில் போட்டுவிட்டேன். ‘உங்களுக்கு ஆடத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வது?’

போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் ஜிவ்வென்று இருந்தது. பிறகு போட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அழிக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் இரண்டு பேர் படித்துவிட்டார்கள்.

அண்ணி கேட்டாள்: “யாராவது ஏதாவது எழுதினாங்களா?”

“இன்னும் இல்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்னா அவளைப் புகழ்ந்திருக்காங்க, என்னை இல்ல. பத்து நாள் மண்டைய உடைச்சது நான், கைக்கு முத்தம் அவளுக்கு. சே, எழுதிப் பார்க்கவே அசிங்கமா இருக்கு. ஆனா அதுதான் உண்மை.

மார்ச் 19, வியாழன்

அண்ணன் போனில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டான். சாப்பாட்டுக்கு நடுவில் சத்தமாகப் படித்தான்: “வரைந்தவர் கைக்கு முத்தம்! யாருடி இவன், என் பொண்டாட்டி கைக்கு?”

அண்ணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். “எப்ப வந்தது இது?”

“செவ்வாக்கிழமை.”

“சரி.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ‘சரி’யை என்ன செய்வது?

மார்ச் 20, வெள்ளி

சாப்பிட்டாச்சா. தண்ணி வருதா. கதவைப் பூட்டியாச்சா.

மார்ச் 21, சனி

மதியம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய்த் தரையில் உட்கார்ந்தேன். “பொறாமை அண்ணி. வேற ஒண்ணும் இல்ல,” என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வசனமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அவள் ஒரு போர்வையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைத்தாள். “பத்து வருஷமா கேக்ல வரையறேன். வெட்டித் தின்னுட்டுப் போயிடுவாங்க. படம் நல்லாருந்துச்சுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல. முதமுதல்ல யாரோ சொல்லியிருக்காங்க. அதை நீ ஒளிச்சு வெச்சுட்டியே குட்டி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். பிறகு, “எல்லாத்தையும் படி. உன்னைத் திட்டினதையும் சேர்த்து,” என்றாள்.

இதற்குள் பதினெட்டுக் கருத்துகள் வந்திருந்தன. ஒன்று விடாமல் படித்தேன். கம்பளிப் போர்வை வந்ததும், மடித்து வைத்த போர்வையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்து, “இந்த ஆளு திட்டலையே. எங்க வலிக்குதுன்னு இடம் காட்டறாரு,” என்றாள்.

அதோடு விடவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் கணினி முன் உட்கார வைத்தாள். அவன் ஆட, இவள் திரையையும் அவன் கட்டை விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது நிமிஷம். அண்ணன் விழுந்து விழுந்து கடுப்பாகிவிட்டான்.

“உங்க அண்ணன் விளிம்பு வந்ததும் பட்டனை அழுத்தல. விளிம்பைத் தாண்டின பிறகுதான் அழுத்தறாரு. ஒரு மயிரிழை லேட்டு.”

“அப்ப அவன் தப்புதானே அண்ணி?”

“ஒருத்தர் செஞ்சா அவர் தப்பு. பதினெட்டுப் பேரும் செஞ்சா?” என்றவள் விரலால் காற்றில் ஒரு வளையம் போட்டுக் காட்டினாள். “க்ரீம் பிழியறப்ப கை எப்பவும் கண்ணுக்குப் பின்னாலதான் வரும். அதுக்கு இடம் விட்டுத்தான் பூவே போடணும்.”

நான் இடமே விடவில்லை. கால் விளிம்பைத் தாண்டிய அந்தக் கணமே அவளை விழ வைத்திருக்கிறேன். கணக்குப்படி சரி. கைப்படி தப்பு.

மார்ச் 22, ஞாயிறு

மதிப்பெண் நாட்களில் ஒரே ஒரு முறை திருத்தி ஏற்றலாம் என்று விதி. ஒரே ஒரு முறை.

விளிம்பைத் தாண்டிய பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அவகாசம் கொடுத்தேன். அதற்குள் அழுத்தினால் குதிப்பாள். யார் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும். அண்ணன் ஆடினான். முதல் மாடி, இரண்டாவது மாடி... “நான் நல்லா ஆட ஆரம்பிச்சுட்டேன் பாரு!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இனி அந்தக் கம்பளிப் போர்வை. எழும்பும் வேகம் எவ்வளவு, இறங்கும் வேகம் எவ்வளவு? ஆயிரம் எண் இருக்கிறது. கடையில் டாக்டரம்மா எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று யோசித்தேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: இது தெளிவா, இதுவா? எந்த நம்பர் வேண்டும் என்று யாரிடமும் கேட்க மாட்டார்.

நானும் அப்படியே செய்தேன். இரண்டு குதிப்பு. அண்ணி ஆடிப் பார்த்தாள். இதுவா, இதுவா? “ரெண்டாவது.” அதை வைத்துக்கொண்டு இன்னொன்று. இதுவா, இதுவா? சாயங்காலத்துக்குள் இருபத்தாறு ஜோடி. எழும்பும்போது நிதானமாக, இறங்கும்போது விறுவிறுவென்று — அங்கே வந்து நின்றது.

மார்ச் 23, திங்கள்

இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தும் நேரத்தில் டாக்டரம்மா முன்னால் கணினியை வைத்தேன். கடைசி ஜோடி. “இது நல்லாருக்கா மேடம், இல்ல இதுவா?”

“என்னையே டெஸ்ட் பண்றியா?” என்றவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆடினார். “ரெண்டாவது. முதலாவதுல கால் தரையில ஒட்டுது.” அத்தோடு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. மூன்றாவது மாடியில் நிலைக்கண்ணாடியோடு நின்றுகொண்டு, “இத உடைக்காம எப்படிம்மா கொண்டு போறது?” என்று என்னைக் கேட்டார். சொல்லித் தரவில்லை. மூன்றே காலுக்கு நாலாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்து, மேசையை ஓங்கித் தட்டினார். டாக்டரம்மாவா இது!

மார்ச் 24, செவ்வாய்

ஏற்றியாயிற்று. கூழாங்கல்லுக்கு எழுதினேன்: ‘நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நான் எழுதியது தப்பு. பதினான்கில் பதினொன்று அல்ல, பதினான்குமே என் தப்பு. முடிந்தால் இன்னொரு முறை ஆடிப் பாருங்கள்.’

மார்ச் 25, புதன்

பதில் வந்திருக்கிறது. படிக்காமல், அண்ணி வரும்வரை வைத்திருந்தேன். இன்று பேக்கரியில் வேலை அதிகமாம், மூன்று பத்துக்குத்தான் வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே படித்துக் காட்டினேன்.

‘முதலிலிருந்து ஆடினேன். இப்போது அவளுக்குக் குதிக்கத் தெரிகிறது. மூன்றாவது மாடியில் கண்ணாடியை விட்டுவிட்டுப் போனால் சுலபம் என்று தெரிந்தது. ஆனால் அதில் அவள் முகம் தெரிந்ததால் விட மனம் வரவில்லை. நாற்பது நிமிஷம் போராடி எடுத்துக்கொண்டு போனேன். முன்பு போட்ட மதிப்பெண்ணை மாற்றிவிட்டேன்.’

“அந்த முகம் தெரிஞ்ச வரியை இன்னொரு தடவ படி,” என்றாள் அண்ணி. படித்தேன். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

பதினொரு மணிக்கு முடிவு. பின்னறையில் போனைத் திறந்தேன்.

படங்கள்: இரண்டாம் இடம். குதிப்பும் கட்டுப்பாடும்: நான்காம் இடம். யோசனை: மூன்றாம் இடம்.

மொத்தம்: முதல் இடம்.

மறுபடி பார்த்தேன். எண்பத்து நான்கில். எதிலும் முதல் இல்லை, எல்லாம் சேர்ந்து முதல்!

இயந்திரத்தை நிறுத்தினேன். “மேடம், பத்து நிமிஷம்,” என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “ஓடு,” என்றார். ஓடினேன். இரண்டு தெரு, ஒரு சிக்னல். போனில் சொல்லியிருக்கலாம், சொல்ல மாட்டேன். பேக்கரியின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை. அண்ணி மூன்றடுக்குக் கேக் முன்னால் க்ரீம் பையோடு நிற்கிறாள். நான் ஒரு விரலைக் காட்டினேன்.

“ஒண்ணா? என்ன ஒண்ணு? ஒரு மார்க்கா?”

தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பேக்கரியே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்துக் கத்தினாள். கட்டிக்கொண்டோம். அவள் கையிலிருந்த க்ரீம் பை என் முதுகில் பிதுங்கியது. தலைமைப் பேக்கர், “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். அண்ணி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: “நானும் என் நாத்தனாரும் ஒரு கேம் செஞ்சோம். முதல் பரிசு!”

நீல க்ரீம் முதுகோடு கடைக்குத் திரும்பி நான்கு ஜோடி லென்ஸ் வெட்டினேன். ஒன்றும் தெறிக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

கூழாங்கல் கேட்டிருக்கிறார், அடுத்த ஜாமில் சேர்ந்துகொள்ளலாமா என்று. இசை போடத் தெரியுமாம். “சேர்த்துக்கோ. எண்ணத் தெரிஞ்ச ஆளு,” என்றாள் அண்ணி.

மே 8, வெள்ளி

பத்து மணிக்குப் புதுத் தலைப்பு வந்திருக்கும். பத்து ஒன்றுக்கு அண்ணியிடமிருந்து போன்.

“பார்த்தியா?”

“இல்ல. நீங்க?”

“நானும் பார்க்கல. பார்க்கலாமா, வேணாமான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்.”

“வேணாம் அண்ணி. ரெண்டு மணிக்கு வந்துடறேன்.”

“சரி,” என்றாள். இது வேறு ‘சரி’.

இப்போது பதினொன்று இருபது. கூழாங்கல்லிடமிருந்து மூன்று செய்திகள் வந்திருக்கின்றன, தலைப்பைப் பற்றித்தான் இருக்கும். திறக்கவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த லென்ஸை எடுக்கிறேன்.