கரண்டு ஓடுகிற வீடு

நவம்பர் 9, ஞாயிறு

மேகம். காலையிலேயே மாடி ஏறி சோலார் பலகைகளைத் துடைத்தாயிற்று. கடல் காற்று ராத்திரியெல்லாம் உப்பைப் பூசிவிட்டுப் போகிறது. துடைக்காவிட்டால் வெயில் அடித்தும் பிரயோஜனமில்லை. இறங்கும்போது முட்டி வலி.

மகன் ரியாஸ் ஷார்ஜாவிலிருந்து போன். வெள்ளிக்கிழமைதானே பேசுவான், இன்றைக்கு என்ன என்று பயந்துவிட்டேன்.

"வாப்பா, ஒடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா வீட்ல கரண்டே ஓடலையே. அடுப்பு போடலையா?"

மாடியில் எவ்வளவு விளைகிறது, வீட்டில் எவ்வளவு செலவாகிறது, மிச்சம் எவ்வளவு ஈ.பி. லைனுக்குப் போகிறது, எல்லாம் அவன் கைபோனில் தெரியும். கார் பேட்டரியும் தெரியும். சோலாரும் கரண்டு காரும் அவன் வாங்கிக் கொடுத்தவை. குறை சொல்ல முடியாது.

இரண்டு நாளும் உச்சிப்புளி கடையில் புரோட்டா. ஒற்றை ஆளுக்கு எவன் உலை வைப்பான். அதைச் சொல்லாமல், பெரியபட்டினத்தில் விருந்து என்றேன்.

"கார் நகரவே இல்லையே, வாப்பா?"

"பஸ்ல போனேன்டா."

போலீஸ்காரனுக்குப் பிறந்தவன் மாதிரி கேட்கிறான்.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல வெயில். வீட்டில் கரண்டு செலவழித்தேன். அதாவது:

- வாஷிங் மெஷினில் இரண்டு சட்டை, ஒரு கைலி.
- இன்டக்‌ஷன் அடுப்பில் ஒரு பானை வெந்நீர். கொட்டியாயிற்று.
- ஹாலில் இரண்டு ஃபேனும். நான் இருந்தது வாசலில்.
- உச்சி வெயிலில் காருக்கு சார்ஜ். இது மட்டும் நியாயமான செலவு. வெயில் இருக்கும்போதே காரில் ஏற்றிக்கொள்ள வேண்டும், பொழுது சாய்ந்தபின் லைனிலிருந்து இழுக்கக்கூடாது என்பது ரியாஸ் போட்ட சட்டம்.

சாயங்காலம் கார் நகர்ந்த மாதிரியும் இருக்கட்டும் என்று தனுஷ்கோடி வரை போய் வந்தேன். திருப்பூர்க் குடும்பம் ஒன்று காரைச் சுற்றி வந்து பார்த்தது. "சத்தமே இல்லைங்களே, எவ்வளவு தூரம் ஓடுங்க?" பேச ஆள் கிடைத்ததே என்று எல்லாம் விளக்கினேன், கேட்காததையும். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா குழந்தையைக் கூப்பிடுகிற சாக்கில் நழுவினாள். வீட்டுக்காரர் மட்டும் மரியாதைக்கு நின்றார்.

திரும்பி வந்ததும் ஜெ. போன். என் வீட்டுக்காரி ஜெய்னம்பு, அங்கேயே இருக்கிற மகளின் பேறுகாலத்துக்கென்று ஷார்ஜா போனவள். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் கழிந்ததும் வருவதாகத்தான் பேச்சு. பிள்ளை இப்போது தவழ்கிறதாம்.

"ரியாஸ் சொன்னான். இன்னைக்கு நல்லா சமைச்சீகளாம், வெளியெல்லாம் போனீகளாம். இப்பத்தான் மனசுக்கு நிம்மதி. டிக்கெட்டு பத்தி ரெண்டு நாள்ல சொல்றேன்."

வந்துவிடு என்று சொல்லவில்லை. நான் வெளிநாட்டுச் சபரில் ஏசி மெக்கானிக்காக அலைந்த காலமெல்லாம் அவள் இங்கே தனியாகக் கிடந்தாள். ஒரு நாளாவது வந்துவிடு என்று கேட்டாளா? இப்போது நான் எந்த முகத்தோடு கேட்பது?

ஆனால் வரவேண்டும். இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

விடியும் முன்பே காற்று. பிறகு ஒரு தூறல். இந்தப் பக்கம் அது போதும். கம்பத்துப் பீங்கானில் படிந்த உப்பு நனைந்ததும் படார் என்று ஒரு நெருப்பு, தெரு முழுக்க கரண்டு போயிற்று. லைன்மேன் மேலே பார்த்துவிட்டு, "நாளைக்கித்தான் பாய். உச்சிப்புளி வரைக்கும் இப்படித்தான்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பத்து மணிக்கெல்லாம் பளீர் என்று வெயில். எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் வந்து நின்றது. மகள் கனி இடுப்பில், விசில் மாதிரி மூச்சு. இழுப்பு. மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் கையில்.

"மாமா, ஒங்க வீட்ல வெயில் கரண்டு இருக்குல்ல?"

இல்லை. லைனில் கரண்டு போனால் என் சோலாரும் தானாகப் படுத்துவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை பார்க்கிறவன் மேல் என் வீட்டுக் கரண்டு பாயும். இது தெரியாமல், மாட்டின அன்றைக்கே பள்ளிவாசலில் நின்று இனி நமக்குக் கரண்டு கட்டே இல்லை என்று பெருமை அடித்தவன் நான். அதை நம்பித்தான் வந்திருக்கிறது.

"வெயிலு இந்தப் போடு போடுது, கரண்டு இல்லங்கிறீக?" பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் காரின் ஞாபகம். சார்ஜ் ஏற்றுகிற வாயிலேயே ஒரு பிளக்கைச் செருகினால் ஏற்றின கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். ரியாஸ் வீடியோவில் காட்டியிருந்தான், நான் தலையை ஆட்டியதோடு சரி. இரண்டு தடவை தப்பாகச் செருகி, மூன்றாவதில் பச்சை விளக்கு. மெஷின் ஓடியது. கனி மூக்கில் புகையோடு என்னை முறைத்துப் பார்த்தது. அரை மணியில் நெஞ்சு ஏறி இறங்குவது தணிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அப்புறம் தெருவே வந்தது. போன்கள், மிக்சி, யாரோ ஒரு டேபிள் ஃபேன். பொழுது சாய்கிற நேரம் நகரை மீன் குழம்பு, எங்கள் அடுப்பில், கார்க் கரண்டில். ஹாலில் பாய் விரித்தார்கள். "ஏலே, காலை மடக்குடா, மாமா போகணும்ல." நெஞ்சு நிறைந்து போயிற்று. என் வாய்க்கு உப்புக் கூடின குழம்பு, ஆனாலும் இரண்டு தரம் வாங்கினேன்.

நவம்பர் 14, வெள்ளி

காற்று தணிந்தது. கரண்டு இன்னும் இல்லை. கனி தோசை தின்றது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் ரியாஸ் லைனில்.

"வாப்பா, கார் நின்ன எடத்துலயே நிக்கிது, பேட்டரி எறங்கிட்டே போகுது. வயரை எலி கடிச்சுருச்சா?"

நடந்ததைச் சொன்னேன். ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்தால் பேட்டரி என்ன ஆவது என்று ஆரம்பித்தான். ஜெ. போனைப் பிடுங்கிவிட்டாள்.

"வீட்ல ஆளு இருக்காகளா?"

"ஹால் நெறைய. நேத்து எல்லாரும் இங்கனதான் படுத்தாக."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது.

"நீங்க தனியாக் கெடந்து காயிறீகளோன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அடுத்த வாரத்துக்கு டிக்கெட்டு போடச் சொல்லியிருந்தேன். ஆளும் பேருமா நல்லாத்தானே இருக்கீக. இங்கயும் மக வேலைக்குத் திரும்பணும், புள்ளையப் பாக்க ஆளில்ல. நோன்புப் பெருநா கழிச்சு வாரேனே, என்ன?"

அடுத்த வாரம் வருவதாக இருந்தவள். வேண்டாம், இப்பவே வா என்று சொல்ல வாய் எடுத்தேன். பஞ்சவர்ணம் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் ஒரு கிழவன் என்ன சொல்லிக் கெஞ்சுவான்?

"சரி. புள்ளையப் பாரு" என்றேன்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லி முடிந்ததும் கரண்டு வந்தது. குழந்தைகள் கத்தின. ஆளுக்கொரு போனும் வயருமாகக் கிளம்பினார்கள். பஞ்சவர்ணம் பாயைச் சுருட்டி, ஹாலைப் பெருக்கி வைத்துவிட்டே போனது. "வாரோம் மாமா."

பிறகு நானே ஜெ.க்கு போன் போட்டேன். பின்னால் பிள்ளை அழுகிறது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கரண்டு வந்துருச்சு."

"ரியாஸ் அப்பவே போன்ல பாத்துச் சொல்லிட்டானே" என்றாள்.